வீட்டு லேபுக்கு எந்தப் பெட்டி?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால் இன்டெல் ப்ராசஸர் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருந்தாக வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தாலும் ஆபீஸ் கணக்கில் அவை காலாவதி. நிறுவனங்கள் மொத்தமாகக் கழித்துக்கட்டும் இந்தக் குட்டி கம்ப்யூட்டர்கள் ஏலக்காரர், ரீஃபர்பிஷ் கடைக்காரர் என்று கைமாறி, கடைசியில் சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் அடுக்கிவைத்த நிலையில் ஆள் பார்த்துக் காத்திருக்கின்றன. வீட்டில் சொந்தமாக ஒரு விர்ச்சுவலைசேஷன் லேப் போட நினைப்பவருக்கு நல்ல காலம்தான். ரேம் விலை மட்டும் குறுக்கே நிற்கிறது. அந்தக் கதை பின்னால் வரும்.

லேப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே கம்ப்யூட்டருக்குள் ஐந்து, பத்து கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் பாவித்து ஓடவிடுவது. சிஸ்டம் அட்மின் வேலைக்கு முயல்பவர் அதில் ஆக்டிவ் டைரக்டரி போட்டுப் பார்ப்பார். டெவாப்ஸ் பக்கம் போக நினைப்பவர் குபர்னெடீஸ் கிளஸ்டர் கட்டுவார், உடைப்பார், மறுபடி கட்டுவார். கிளவுடிலும் இதைச் செய்யலாம். ஆனால் அணைக்க மறந்த ஒரு மெஷின் மாதக் கடைசியில் பில்லாக வந்து நிற்கும் பயம் அங்கே எப்போதும் உண்டு. வீட்டுப் பெட்டியில் என்ன உடைத்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

முதல் ஆலோசனை, எதுவும் வாங்காமல் ஆரம்பிப்பது. கையில் இருக்கும் லேப்டாப்பில் 16 ஜிபி ரேம் இருந்தால் விர்ச்சுவல்பாக்ஸே போதும். காசு கொடுத்து வாங்கவேண்டியிருந்த விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ, 2024 மே மாதம் சொந்த உபயோகத்துக்கும் அதே ஆண்டு நவம்பரில் எல்லோருக்கும் இலவசமானது. விண்டோஸ் ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு ஹைப்பர்-வி கூடவே வருகிறது. ஹோம் பதிப்பில் அது கிடையாது. இப்படிச் சில வாரம் ஓட்டிப் பார்த்தால் தனக்கு என்ன வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். லேப்டாப்பை மூடினால் லேபும் மூடிக்கொள்கிறதே என்று எரிச்சல் வரும் நாளில்தான் தனிப் பெட்டி பற்றி யோசிக்க வேண்டும்.

அப்போது எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை கோர் என்று. கேட்க வேண்டியது, எவ்வளவு ரேம் என்று.

லேபில் இருக்கும் விர்ச்சுவல் மெஷின்கள் பெரும்பாலான நேரம் சும்மாதான் உட்கார்ந்திருக்கும். நான்கு கோர் உள்ள பெட்டியில் பத்து மெஷின்களை ஓட்டினாலும், எல்லாம் ஒரே நேரத்தில் வேலை கேட்காதவரை, ப்ராசஸர் முறை வைத்துச் சமாளித்துவிடும். ரேம் அப்படிப் பங்கு போடாது. கொடுத்தது கொடுத்ததுதான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: ஒரு டொமைன் கன்ட்ரோலருக்கு 4 ஜிபி, மெம்பர் சர்வர் ஒன்றுக்கு 4, விண்டோஸ் 11 கிளையன்ட் ஒன்றுக்கு 4, நடுவில் ஃபயர்வாலாக ஓபிஎன்சென்ஸ் ஒன்றுக்கு 2. ஆக 14 ஜிபி போய்விட்டது. அடியில் ஓடும் ஹைப்பர்வைசருக்கும் கொஞ்சம் வேண்டும். 16 ஜிபி பெட்டி இதிலேயே மூச்சுத் திணறும். குபர்னெடீஸ் கொஞ்சம் சாது; கியூப்அட்மின் வழியாகக் கட்டினால் ஒரு நோடுக்குக் குறைந்தது 2 ஜிபி போதும், மூன்று நோடுக்கு 6. விஎம்வேர் படிக்கிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். விசென்டர் 8-ஐ மிகச் சிறிய அளவில் நிறுவினாலே 14 ஜிபி கேட்கும். பயிற்சிக்காக அதன் கீழ் விஎம்வேரின் ஹைப்பர்வைசரான இஎஸ்எக்ஸ்ஐ மெஷின்கள் இரண்டை வைத்தால் ஆளுக்கு 8 ஜிபி. மொத்தம் 30. அதாவது 32 ஜிபி பெட்டி வாங்கினவருக்கு மிச்சம் ஒன்றும் கிடையாது. எந்தப் பாடத்துக்காக லேப் போடுகிறோம் என்று காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்காமல் கடைக்குப் போகக் கூடாது என்பது இதனால்தான்.

இந்தக் கூட்டல் முடிந்ததும் சிலருக்கு ஒரு விபரீத ஆசை வரும்: பழைய ரேக் சர்வர். டெல் பவர்எட்ஜ் ஆர்720 மாதிரி 2012 காலத்துச் சர்வர்கள், இரண்டு ஜியான் ப்ராசஸரும் வரிசையாக ரேம் ஸ்லாட்டுகளுமாகப் பார்க்க ராஜகம்பீரமாக இருக்கும். விலையும் அடிமாட்டு விலை. அவற்றில் நியாயமான வசதிகளும் உண்டு. மெமரிப் பிழையைத் தானே திருத்தும் இசிசி ரேம், இரட்டை பவர் சப்ளை, ஐட்ராக் மூலம் தூரத்திலிருந்தே ஆன் செய்து திரையைப் பார்க்கும் வசதி எல்லாம் நிஜ டேட்டா சென்டர் அனுபவம். ஆனால் பவர் போட்டதும் மிக்ஸி ஓடுவதுபோல ஃபேன்கள் அலறும். படுக்கையறை இரண்டு மட்டும் உள்ள வீட்டில் அதை எங்கே வைப்பது?

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இபி பில்லைப் பொறுக்க முடியாது. அந்த ரகச் சர்வர் சும்மா இருக்கும்போதே 100 வாட்டைத் தாண்டும். 110 வாட் என்றே வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 2.64 யூனிட், தமிழ்நாட்டில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் 60 நாளுக்கு 158 யூனிட். ஏற்கெனவே 400 யூனிட் ஓடும் வீடு 558-க்குப் போய்விடும். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. 500-ஐத் தாண்டும் வீட்டுக்கு, தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை; 101-லிருந்து 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகை விலையும் போய்விடும். அதே வேலையை 15 வாட்டில் முடிக்கும் சின்னப் பெட்டி அதே 60 நாளில் 21.6 யூனிட்தான் இழுக்கும். வீடு 422-இல் நின்றுவிடும். இதோடு அறைக்குள் சேரும் சூட்டையும் சித்திரை வெயிலில் ஏசி செய்யும் கூடுதல் வேலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சர்வர் மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம், அதை விற்றவர் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார் என்பது.

ஆக, தேடவேண்டியது அந்த ஆபீஸ் குட்டிப் பெட்டிகளை. சுமார் ஒரு லிட்டர் கொள்ளளவு, ஒரு தடித்த அகராதி அளவுதான். லெனோவோ இதற்கு டைனி என்று பேர் வைத்தது, ஹெச்பி மினி என்றது, டெல் மைக்ரோ என்றது. சர்வ்திஹோம் தளம் 2020-இல் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து 'டைனிமினிமைக்ரோ' என்று ஒரு தொடரை ஆரம்பித்தது. வீட்டு லேப் வட்டாரத்தில் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. தின்க்சென்டர் எம்720க்யூ, எம்920க்யூ, எலைட்டெஸ்க் 800 ஜி4, ஆப்டிபிளெக்ஸ் 7060 மைக்ரோ எல்லாம் எட்டாம் தலைமுறை. அவற்றில் அதிகம் தென்படும் ஐ5-8500டி ப்ராசஸருக்கு ஆறு கோர். ரேம் ஸ்லாட் இரண்டு. ஒவ்வொன்றிலும் 32 ஜிபி போட்டால் 64 வரை போகலாம். ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5 என்றால் நான்கு கோர், ஸ்லாட்டுக்கு 16 வீதம் 32 ஜிபியோடு நின்றுவிடும். மலிவு வேண்டுமா, வளர இடம் வேண்டுமா என்பதே இரண்டுக்கும் நடுவில் உள்ள கேள்வி. 32 ஜிபிக்கு மேல் போகும் உத்தேசமே இல்லாதவருக்கு ஏழாம் தலைமுறை தாராளம். லினக்ஸுக்கு விண்டோஸ் 11-இன் நிபந்தனை எதுவும் பொருட்டில்லை.

ஆறாம் தலைமுறையில் மட்டும் ஒரு கண் வைக்க வேண்டும். ஆப்டிபிளெக்ஸ் 3040 மைக்ரோ போன்ற சிலவற்றில் ரேம் டிடிஆர்3எல் ரகம். அதற்குக் காசு போடுவது வீண்.

ப்ராசஸர் பேரின் கடைசியில் உள்ள 'டி' எழுத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 35 வாட் டி ப்ராசஸர்தான் கரண்டை மிச்சம் பிடிக்கும், 65 வாட் ப்ராசஸர் குடித்துத் தீர்க்கும் என்று நினைப்பு. சும்மா இருக்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இழுக்கும். டி என்பது உச்ச வேகத்துக்குப் போட்ட கடிவாளம், அவ்வளவே. லேப் பெரும்பாலும் சும்மா இருக்கும் இடம் என்பதால் இந்த வித்தியாசத்துக்காக அதிகம் கொடுக்கவோ நல்ல பெட்டியை விடவோ தேவையில்லை.

கடையில் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும்.

"சார், ஐ5, 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி. கம்பெனி பீஸ். அப்படியே எடுத்துட்டுப் போங்க."

"பயாஸ் உள்ள போய்க் காட்டுங்கண்ணே, பாத்துட்டு எடுத்துக்கிறேன்."

நல்ல கடைக்காரர் முகம் சுளிக்காமல் கீபோர்டை நீட்டுவார். லெனோவோவுக்கு எஃப்1, டெல்லுக்கு எஃப்2, ஹெச்பிக்கு எஃப்10. உள்ளே போகப் பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த பெட்டியைப் பார்ப்பது உத்தமம். பழைய கம்பெனியின் ஐடி பிரிவு போட்ட பூட்டை எடுப்பது சில மாடல்களில் பெரும்பாடு. பூட்டு இல்லையென்றால் விடி-எக்ஸ், விடி-டி இரண்டையும் தேடி ஆன் செய்து பார்க்க வேண்டும். முதலாவது இல்லாமல் லேபே இல்லை. இரண்டாவது, ஒரு நெட்வொர்க் கார்டையோ டிஸ்க் கன்ட்ரோலரையோ ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கே நேரடியாகத் தூக்கிக் கொடுக்க உதவும். கையோடு ஒரு லினக்ஸ் பென்டிரைவ் இருந்தால் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

பிறகு மூடியைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். எம்720க்யூவில் பின்பக்கம் ஒரே ஒரு திருகு. கழற்றி முன்னால் தள்ளினால் மேல் மூடி வந்துவிடும். மேலே ஃபேனும் இரண்டரை அங்குல டிஸ்க்குக்கான தட்டும். கீழ்ப்பக்கம் ரேம் ஸ்லாட்டுகளும் எம்.2 ஸ்லாட்டும். பழைய கம்பெனி டிஸ்க்கைப் பிடுங்கி எடுக்கும்போது பெரும்பாலும் அந்தத் தட்டும் அதன் பட்டைக் கேபிளும் சேர்ந்தே காணாமல் போயிருக்கும். தனியாகத் தேடினால் கிடைக்கும், ஆனால் அந்தத் துண்டுக் கேபிளுக்குச் சொல்லும் விலை கேட்டால் ஆத்திரம் வரும். கடையிலேயே கேட்டு வாங்கிக்கொள்வது மேல். அதே இடத்தில் டிஸ்க்குக்குப் பதில் ஒரு ரைசர் போட்டு பிசிஐஇ கார்டு மாட்டலாம் என்பது இந்த மாடலுக்குத் தனி மவுசு. நான்கு போர்ட் உள்ள இன்டெல் ஐ350 கார்டைச் செருகி வீட்டு ஃபயர்வாலாக்கியவர்கள் ஏராளம். இரண்டில் ஒன்றுதான் முடியும், கார்டா டிஸ்க்கா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். எம்920க்யூவில் கூடுதலாக இன்டெல்லின் வி-ப்ரோ வசதி இருக்கும். பெட்டி தொங்கிப்போனால் இன்னொரு அறையிலிருந்தே அணைத்து ஆன் செய்ய அது உதவும். கொஞ்சம் விலை கூடினாலும் எம்920க்யூ கிடைத்தால் அதையே எடுப்பது புத்திசாலித்தனம்.

அடாப்டரையும் கேட்டு வாங்க வேண்டும். டெல்லில் இது முக்கியம். டெல் அடாப்டரின் பின்னுக்கு நடுவில் மெல்லிசாக இன்னொரு முள் உண்டு. 'நான் இத்தனை வாட் அடாப்டர்' என்று பெட்டிக்குச் சொல்வதற்கு. வோல்டேஜ் பொருந்தினால் போதுமென்று ஏதோ ஒரு அடாப்டரைச் செருகினால் பெட்டி ஆன் ஆகும், ஒரு எச்சரிக்கை காட்டும், பிறகு ப்ராசஸர் வேகத்தைப் பாதிக்குக் கீழே இறக்கி நகர்த்தும். ப்ராக்ஸ்மாக்ஸ் ஹைப்பர்வைசரைக் குறை சொல்லி இரவெல்லாம் தேடுபவரின் பிரச்சினை சில நேரம் சுவரோரம் கிடக்கும் அந்த அடாப்டர்தான்.

புதிதாகவே வாங்க நினைப்பவர்களுக்கு இன்டெல் என்100 போட்ட சீனக் குட்டிப் பெட்டிகள் கண்ணில் படும். 2023-இல் வந்த இந்த ப்ராசஸருக்கு நான்கு கோர், 6 வாட். கரண்ட் விஷயத்தில் தங்கம். ஆனால் மெமரி சேனல் ஒன்றுதான். இன்டெல் கணக்குப்படி 16 ஜிபி வரைதான். ஃபயர்வால், விளம்பரத் தடுப்பு, போட்டோ சேமிப்பு என்று வீட்டுச் சேவைகளுக்கு ஏற்றது, விண்டோஸ் டொமைனும் விசென்டரும் படிக்க ஏற்றதல்ல. எதிர் முனையில் சீன எக்ஸ்99 மதர்போர்டும் பழைய ஜியான் இ5-2680 வி4-உம். 14 கோர், 28 த்ரெட்! ஆனால் 120 வாட் ப்ராசஸர், உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, தனி கார்டு வேண்டும். கோர் எண்ணிக்கையில் மயங்குபவர்கள் விழும் இடம் இதுவே. இந்த ஜியான்களுக்கான ரெஜிஸ்டர்டு ரேம் சந்தையில் மலிவாகக் கிடைப்பதைப் பார்த்து, சாதாரண டெஸ்க்டாப்புக்கு வாங்கிப் போகிறவர்களும் உண்டு. டிடிஆர்4-இல் இரண்டும் ஒரே 288 பின் என்பதால் ஸ்லாட்டில் அழகாக உட்காரும். பெட்டிதான் எழுந்திருக்காது.

திரை உடைந்த பழைய லேப்டாப்பையும் ஒதுக்க வேண்டாம். பேட்டரியே யுபிஎஸ் ஆகிவிடுகிறது. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் தொடக் கூடாது.

ரேம் கதைக்கு வருவோம். 2025-இன் பிற்பாதியில் ஏஐ சர்வர்களுக்கான மெமரிக்குத் தேவை பெருகி, தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்ப, சாதாரண டிடிஆர்4, டிடிஆர்5 விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற தன் சில்லறை பிராண்டிலிருந்தே விலகப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இதனால் பழைய சூத்திரம் தலைகீழாகிவிட்டது. முன்பெல்லாம் குறைந்த ரேமோடு பெட்டியை வாங்கிப் பிறகு ஏற்றிக்கொள்வது லாபம். இப்போது உள்ளேயே 16 அல்லது 32 ஜிபி இருக்கும் பெட்டிக்குக் கடைக்காரர் சொல்லும் விலையையும், வெறும் பெட்டி விலையோடு ரேமைத் தனியாக வாங்கும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக இருந்தால் இன்னும் நல்லது. இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கும். வாங்க முடியாதவர்கள் இருக்கிற ரேமை நீட்டிக்கலாம். லினக்ஸ் சேவைகளுக்கு முழு விர்ச்சுவல் மெஷின் கொடுக்காமல் எல்எக்ஸ்சி கன்டெய்னர் கொடுத்தால் சில நூறு எம்பியில் வேலை முடியும்.

சேமிப்பில் கஞ்சத்தனம் ஓரளவுக்குத்தான். சுற்றும் ஹார்டு டிஸ்க்கில் ஐந்து மெஷின்களை ஒரே நேரத்தில் பூட் செய்தால் டீ குடித்துவிட்டு வரலாம். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி போதும், ஆனால் இசட்எஃப்எஸ் போடுகிறவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அது எழுதித் தள்ளும் வேகத்துக்கு மலிவான க்யூஎல்சி எஸ்எஸ்டிகள் சீக்கிரம் தேயும். இன்டெல் எஸ்3500, சாம்சங் பிஎம்863 போன்ற பழைய டேட்டா சென்டர் எஸ்எஸ்டிகள் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் விடக் கூடாது. திடீரென்று கரண்ட் போனாலும் பாதியில் நின்ற எழுத்தை முடித்துவைக்க அவற்றுக்குள் கெபாசிட்டர் இருக்கிறது. பேக்கப்புக்கு ஹார்டு டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் ரகமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் சொல்லாமலே அந்த ரகத்தைக் கலந்திருந்தது 2020-இல் வெளியே வந்து பெரிய சர்ச்சையானது.

எந்த ஹைப்பர்வைசர் என்பதையும் பெட்டி வாங்கும் முன்பே முடிவு செய்தால் பிறகு தலைவலி இல்லை. இஎஸ்எக்ஸ்ஐ பெட்டி விஷயத்தில் ஆசாரம் பார்க்கும். 2020-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து பழைய லினக்ஸ் டிரைவர்களைத் தூக்கிவிட்டதால் ரியல்டெக் நெட்வொர்க் சிப் உள்ள போர்டுகள் அப்போது திண்ணைக்கு வெளியே போயின. 12-ஆம் தலைமுறை இன்டெல்லில் பெரிய கோர், சின்ன கோர் கலந்திருப்பதைக் கண்டால் ஊதாத் திரையோடு நின்றுவிடும். பூட் நேரத்தில் ஒரு ஆப்ஷன் கொடுத்துத்தான் சமாதானப்படுத்த வேண்டும். 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கிய பிராட்காம், 2024 பிப்ரவரியில் இலவச இஎஸ்எக்ஸ்ஐயை நிறுத்தியது, 2025 ஏப்ரலில் திரும்பக் கொடுத்தது. அந்த இடைவெளியில் வீட்டு லேப்காரர்கள் கூட்டம் கூட்டமாக ப்ராக்ஸ்மாக்ஸுக்குப் போய்விட்டார்கள். வியன்னாவில் உருவான அந்த மென்பொருள் டெபியன் லினக்ஸின் மேல் ஓடுவது. லினக்ஸ் ஏறும் பெட்டி எதிலும் ஏறும். வேலைக்காக விஎம்வேர் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் ப்ராக்ஸ்மாக்ஸுக்குள்ளேயே இஎஸ்எக்ஸ்ஐயை விர்ச்சுவல் மெஷினாக ஓட்டிப் படிக்கலாம்.

மின்வெட்டு இல்லாத ஊர் எது? வீட்டு இன்வெர்ட்டரில் லேபை மாட்டுகிறவர்கள் அதன் பின்பக்கத்துச் சின்ன ஸ்விட்ச்சைப் பார்க்க வேண்டும். பல மாடல்களில் 'யுபிஎஸ்', 'ஈக்கோ' என்று இரண்டு நிலை இருக்கும். ஈக்கோவில் மாறும் நேரம் அதிகம், அதற்குள் பெட்டி விழுந்து எழுந்துவிடும். யுபிஎஸ் நிலைதான் கம்ப்யூட்டருக்கானது. கூடவே பயாஸில் 'கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகு' என்பதையும் போட்டுவைத்தால் வெளியூரில் இருக்கும்போது வீட்டுக்குப் போன் போட்டு "அம்மா, அந்தப் பெட்டில ஒரு பட்டன் இருக்கும் பாரு" என்று விளக்க வேண்டியிருக்காது.

ஒரு பெட்டி பழகியபின் இரண்டாவது ஆசை வருவது சகஜம். ஒன்று விழுந்தால் இன்னொன்று மெஷின்களை ஏந்திக்கொள்ளும் கிளஸ்டர் கட்டிப் பார்க்க அது அவசியமும்கூட. ப்ராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டர் ஓட்டுக் கணக்கில் நடப்பது. இரண்டே பெட்டி இருந்தால் ஒன்று அணைந்ததும் மற்றதற்குப் பெரும்பான்மை கிடைக்காது. எந்த மெஷினையும் புதிதாக ஆன் செய்ய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதற்காக மூன்றாவது டைனி வாங்க வேண்டியதில்லை. க்யூடிவைஸ் என்ற வசதி உண்டு. மெஷின் எதையும் தாங்காமல் ஓட்டு மட்டும் போடும் ஒரு சின்ன சேவை. அலமாரியில் சும்மா கிடக்கும் பழைய ராஸ்பெரி பை போதும். ஆர்ம் ப்ராசஸர் என்பதால் விண்டோஸ் சர்வர் ஓட்டும் லேபுக்கு மற்றபடி உதவாத அந்த பை, இந்த வேலையைச் சில வாட்டில் பார்த்துவிடும். இரண்டு பெட்டியையும் பையையும் இணைக்க, விலேன் தெரிந்த எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒன்று வேண்டும். டிபி-லிங்க் எஸ்ஜி108இ மாதிரி ஒன்று எடுத்தால் நெட்வொர்க் பாடத்துக்கும் அதுவே ஆகும்.